கேளுங்கள், சொல்கிறேன்: மூன்று மணி நேரக் கல்யாணமும் ஒரு டிவிடியும்

போன இதழில் பழைய வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்றுவது பற்றி எழுதியிருந்தேன். ஏற்றியாயிற்று, இனி என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை முழுக்க. இந்தக் காலத்தில் போய் டிவிடியா என்று முகம் சுளிப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அறையில் ஒரு பழைய டிவி இருக்கிறது, அதற்குக் கீழே துணி போட்டு மூடிய டிவிடி பிளேயர் ஒன்று இருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்: அப்பாவுக்கு அடுத்த மாதம் சஷ்டியப்தபூர்த்தி. 1991-ல் எடுத்த அப்பா அம்மா கல்யாணக் கேசட்டைக் கணினியில் ஏற்றிவிட்டேன். மொத்தம் 2 மணி 52 நிமிடம். ஒரே டிவிடியில் அடங்குமா? மென்பொருளில் 'ஃபிட் டு டிஸ்க்' என்று ஒன்று இருக்கிறது, அதை டிக் செய்தால் போதும் என்கிறான் நண்பன்.

அடங்கும். எந்த நிலையில் அடங்கும் என்பதுதான் சிக்கல். உங்கள் நண்பர் சொன்ன அதே டிக்கை நானும் ஒருமுறை போட்டேன், என் மச்சினி கல்யாணத்துக்கு. கிட்டத்தட்ட நாலு மணி நேரப் படத்தை ஒரே டிஸ்க்கில் அடைத்து, அட்டையெல்லாம் அச்சடித்து, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம். ஐயர் மந்திரம் சொல்கிற வரைக்கும் படம் சுமாராகத்தான் இருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கெட்டிமேளம் கொட்டியதும் பெண்ணின் முகம் சதுரம் சதுரமாக உடைந்துபோனது. தாலி கட்டுகிற கையே தெரியவில்லை. "என்னடா, பொண்ணு மூஞ்சி கட்டம் போட்ட லுங்கி மாதிரி இருக்கு" என்று அத்தை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த இடத்தில் மட்டும் ஏன் அப்படி ஆயிற்று என்று அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். டிவிடியில் படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்படுகிறது. முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் எழுதி இடத்தை மிச்சம் பிடிக்கும் முறை அது. மணவறை அப்படியே இருக்கிறது, ஐயர் அப்படியே இருக்கிறார் என்றால் எழுத வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் என்ன நடக்கிறது? நாலு பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில் போகிறது. போதாததற்கு போட்டோக்காரரின் ஃபிளாஷ் படபடவென்று அடித்து ஒரு நொடி திரை முழுக்க வெள்ளையாகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கல்யாண வீடியோவிலேயே சுருக்கக் கஷ்டமான அரை நிமிடம் அதுதான், எல்லாரும் பார்க்கக் காத்திருப்பதும் அந்த அரை நிமிடத்தைத்தான். பிட்ரேட், அதாவது ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கும் பிட் அளவு, பற்றாத டிஸ்க் சரியாக அங்கேதான் காலை வாரும்.

சரி, கணக்குக்கு வருவோம். சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடியில் 470 கோடி பைட். பிட்டாக மாற்ற எட்டால் பெருக்கினால் 37,600 மெகாபிட் (பத்து லட்சம் பிட் ஒரு மெகாபிட்). மெனுவுக்கும் சில்லறைச் செலவுக்கும் கொஞ்சம் ஒதுக்கி 36,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்கு 60 நொடி, ஆக 36,000-ஐ 60-ஆல் வகுத்தால் 600. அதனால் கணினியே வேண்டாம், 600-ஐ உங்கள் படத்தின் நிமிடத்தால் வகுத்தால் நொடிக்கு எத்தனை மெகாபிட் செலவழிக்கலாம் என்று வந்துவிடும். உங்களுக்கு 172 நிமிடம், 600-ஐ 172-ஆல் வகுத்தால் சுமார் 3.5. ஒலிக்கு 0.2 போனால் படத்துக்கு 3.3 மெகாபிட். முழு அளவுப் படத்துக்கு, அதாவது 720×576-க்கு, இது பத்தாது. அட்சதை தூவும்போது கட்டம் கட்டும்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, சரக்கு விஎச்எஸ் கேசட். விஎச்எஸ்ஸில் குறுக்குவாட்டில் சுமார் 240 கோட்டு நுணுக்கம்தான் பதிவாகும். அதைத் தூக்கி 720 புள்ளிகளில் எழுதுவது அரைப்படி அரிசியை அண்டாவில் கொட்டி வைப்பது மாதிரி. டிவிடி விதிகளிலேயே 352×576 என்று ஒரு அளவு அனுமதிக்கப்பட்டிருக்கிறது, தொழிலில் இருப்பவர்கள் ஹாஃப் டி1 என்பார்கள். உயரம் அப்படியே, அகலம் மட்டும் பாதி. திரையில் பிளேயரே இழுத்துச் சரியாகக் காட்டிவிடும். புள்ளிகள் பாதியானதால் அதே 3.3 மெகாபிட் தாராளமாகப் போதும். கேசட் படத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இன்னொன்று, கேசட் படத்தின் அடியில் நாலைந்து கோடு கோணல்மாணலாக நெளிந்துகொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய பெட்டி டிவியில் அது சட்டத்துக்குள் மறைந்துவிடும், இப்போதைய தட்டை டிவியில் பளிச்சென்று தெரியும். அந்த நெளிசலும் விடாமல் மாறிக்கொண்டே இருப்பதால் பிட்டைத் தின்னும். அங்கே ஒரு கறுப்புப் பட்டை போட்டு மறைத்துவிடுங்கள். வெட்டி எடுக்காதீர்கள், வெட்டினால் உயரம் மாறி வேறு வம்பு வரும். படம் முழுக்க புள்ளி புள்ளியாகப் பூச்சி பறந்தால் லேசாக நாய்ஸ் நீக்கும் ஃபில்டர் போடலாம். லேசாக என்றால் லேசாக. அதிகம் போட்டால் எல்லார் முகமும் மெழுகு பூசியதுபோல ஆகிவிடும்.

அப்புறம் 'டூ பாஸ் விபிஆர்' என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், பரவாயில்லை, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். முதல் சுற்றில் படத்தை முழுக்கப் பார்த்து எங்கே ஆட்டம் அதிகம், எங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவது சுற்றில் அதற்கேற்பப் பரிமாறும். பந்தியில் சர்க்கரைக்காரர் இலைக்கும் சாப்பாட்டுப் பிரியர் இலைக்கும் ஒரே அளவு பாயசம் ஊற்றாமல் ஆள் பார்த்து ஊற்றுகிறார்களே, அதே கதைதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் சொந்த அபிப்பிராயம்: இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள். முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பு ஒன்று, முகூர்த்தம் ஒன்று. 86 நிமிடம் வீதம் வந்தால் 600-ஐ 86-ஆல் வகுத்து ஒன்றுக்கு 7 மெகாபிட், எந்தத் தந்திரமும் தேவையில்லை. ஒரே டிஸ்க்தான் வேண்டும் என்றால் எதையாவது வெட்டுங்கள். பந்தியை மட்டும் வெட்டாதீர்கள். அது போரடிக்கிறது என்றுதான் எல்லாரும் முதலில் அதில் கை வைக்கிறார்கள், ஆனால் இப்போது இல்லாத பெரியப்பாவும் பாட்டியும் அங்கேதான் உட்கார்ந்து இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வெட்டுவதென்றால் ஸ்டுடியோக்காரர் போட்டுக் கொடுத்த, இதயத்துக்குள் ஜோடி சுற்றுகிற கிராஃபிக்ஸை வெட்டுங்கள். சில கேசட்டில் அதுவே பத்து நிமிடம் இருக்கும்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: மொபைலில் எடுத்த குழந்தையின் காதுகுத்து வீடியோ 7 ஜிபி, ஓடுவது 20 நிமிடம். டிவிடியில் 4.7 ஜிபிதானே, எப்படி நுழைப்பது?

தாராளமாக நுழையும். கோப்பின் அளவைப் பார்த்துப் பயப்படுவது டிவிடி வேலையில் எல்லாரும் செய்யும் தப்பு. உங்கள் மொபைல் 4கே-யில் எடுத்ததால் 7 ஜிபி. டிவிடிக்கு மாற்றும்போது படம் புதிதாக 720 புள்ளி அகலத்தில் எழுதப்படும், பழைய எடைக்கும் புதிய எடைக்கும் சம்பந்தமே கிடையாது. டிஸ்க்கில் இடத்தைத் தின்பது ஓடுகிற நேரம் மட்டும்தான். 20 நிமிடத்தை 8 மெகாபிட்டில் எழுதினாலும் ஒன்றேகால் ஜிபியைத் தாண்டாது. இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 700 எம்பிதான் இருக்கிறது என்று ரெண்டு மணி நேர எம்பி4 கோப்பு நாலைத் தூக்கி ஒரே டிஸ்க்கில் போடப் பார்த்தால், மொத்தம் 8 மணி நேரம், நொடிக்கு ஒன்றேகால் மெகாபிட்தான் மிஞ்சும். பழைய விசிடி லட்சணத்தில்தான் வரும்.

நேரம் குறைவாக இருக்கிறதே என்று பிட்ரேட்டை உச்சத்துக்கு ஏற்றிவிடாதீர்கள். விதிப்படி படத்துக்கு 9.8 மெகாபிட் வரை போகலாம், படம், ஒலி எல்லாம் சேர்த்து 10.08. ஆனால் வீட்டில் எழுதிய டிஸ்க்கை அந்த வேகத்தில் படிக்கப் பழைய பிளேயர்கள் திணறும். 75 நிமிடத்துக்குக் குறைவான எதற்கும் 8-ல் நிறுத்திவிடுவது என் வழக்கம். மீதி இடம் காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும்.

மொபைல் வீடியோவில் இன்னும் இரண்டு தொல்லை உண்டு. மொபைல் நொடிக்கு 30 படம் என்று சொல்லும், ஆனால் வெளிச்சத்துக்கும் அதன் மனநிலைக்கும் தக்கபடி 28, 29 என்று மாற்றிக்கொண்டே இருக்கும். டிவிடிக்கு இந்தக் குணம் ஆகாது. மாற்றிய பிறகு முதல் ஐந்து நிமிடம் சரியாக இருந்து, கடைசியில் குழந்தை அழுவது ஒரு பக்கமும் அழுகைச் சத்தம் ஒரு பக்கமுமாகப் போனால் காரணம் இதுதான். முதலில் ஹேண்ட்பிரேக் மாதிரி ஒரு மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்று தேர்ந்து ஒருமுறை மாற்றிவிட்டு, அந்தக் கோப்பை டிவிடி வேலைக்கு எடுங்கள். இரண்டாவது, மொபைலை நிமிர்த்திப் பிடித்து எடுத்த துண்டுகள். அகலத் திரையில் அது மூன்றில் ஒரு பங்குகூட வராது, இரண்டு பக்கமும் கறுப்புத்தான். இதற்கு மருந்து கிடையாது. அடுத்த விசேஷத்துக்காவது மொபைலைப் படுக்கவைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

காரைக்குடி வாசகி ஒருவர்: மெனு போட ஆசை. மாமியார் வீட்டு சஷ்டியப்தபூர்த்தி வீடியோவை 24 பகுதியாகப் பிரித்து, 24 சின்னப் படங்களோடு ஒரே பக்கத்தில் மெனு செய்தேன். கணினியில் அழகாக இருக்கிறது. டிவியில் எழுத்து பாதி வெட்டுப்படுகிறது, ரிமோட்டில் வலது பக்கம் அழுத்தினால் கீழே போகிறது.

ஒரு பக்கத்தில் 36 பட்டன் வரை வைக்க இடம் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான், அதற்காக வைத்தே தீர வேண்டுமா? பத்தடி தள்ளி சோஃபாவில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பக்கத்துக்கு ஆறு போதும். 24 பகுதி வேண்டுமானால் நாலு பக்கம், கீழே 'அடுத்து', 'முன்பு' என்று இரண்டு பட்டன்.

எழுத்து வெட்டுப்படக் காரணம் ஓவர்ஸ்கேன். டிவி, குறிப்பாகப் பழைய பெட்டி டிவி, படத்தின் ஓரத்தை நாலு பக்கமும் கொஞ்சம் விழுங்கிவிடும். ஓரத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளித்தான் எழுத்தோ பட்டனோ ஆரம்பிக்க வேண்டும். மெல்லிசான குறுக்குக் கோடு போட்டு அலங்கரித்திருந்தால் அதையும் தடிமனாக்குங்கள், ஒற்றைக் கோடு பெட்டி டிவியில் துடித்துக்கொண்டே இருக்கும். சிவப்பு எழுத்து வேண்டாம், ஓரம் கசியும். கல்யாணம் என்றாலே சிவப்பும் தங்க நிறமும்தான் என்பது தெரியும், தங்க நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரிமோட் தாறுமாறாகப் போவதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு பட்டனுக்கும் மேல், கீழ், இடம், வலம் என்று நாலு பக்கத்துக்கும் யார் என்று எழுதி வைக்க வேண்டும். நீங்கள் எழுதாவிட்டால் மென்பொருள் தானாகவே ஊகித்து எழுதும். உங்கள் 24 சின்னப் படங்களில் ஒன்றன் கட்டம் இன்னொன்றின் மேல் ஒரு நூல் ஏறியிருந்தாலும் அதற்குக் குழப்பம் வந்துவிடும். கட்டங்கள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளி வையுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு ஒவ்வொரு பட்டனின் பண்புப் பக்கத்தையும் திறந்து கையால் நிரப்பத்தான் வேண்டும். பட்டன் தேர்வாகும்போது ஒளிர்கிற நிறத்துக்கு நாலே நாலு வண்ணம்தான் கிடைக்கும், அதிலும் ஒன்று கண்ணுக்குத் தெரியாத வண்ணமாக, பின்னணிக்குப் போய்விடும். அதனால் பளபளக்கும் பட்டனெல்லாம் கனவு காணாதீர்கள், அழுத்தமான ஒரு அடிக்கோடு போதும்.

பகுதி பிரிப்பதிலும் ஒரு நுணுக்கம். சாப்டர் புள்ளியை நீங்கள் நினைத்த இடத்தில் வைத்தாலும், அது பக்கத்தில் இருக்கும் முழுப் படத்துக்கு நகர்ந்துவிடும். எம்பெக்கில் முழுப் படம் அரை நொடிக்கு ஒருமுறைதான் வரும், நடுவில் எல்லாம் வித்தியாசக் குறிப்புகள். சரியாகத் தாலி ஏறும் நொடியில் சாப்டர் வைத்தால் கட்டி முடித்த பிறகு படம் தொடங்கலாம். 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று ஐயர் கையைத் தூக்குவதற்கு மூன்று நொடி முன்னால் வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் போட்டதும் முதலில் வருவது மெனுவா, படமா என்பது நம் கையில்தான் இருக்கிறது. 'ஃபர்ஸ்ட் பிளே' என்ற இடத்தில் தேர்வு செய்யலாம். எல்லாரும் மெனுவை வைப்பார்கள். நான் பெரியவர்களுக்குக் கொடுக்கும் டிஸ்க்கில் நேராகப் படத்தையே வைத்துவிடுவேன், மெனு வேண்டுமென்றால் ரிமோட்டில் மெனு பட்டன் இருக்கிறது. பின்னணியில் நாதஸ்வரம் முப்பது நொடிக்கு ஒருமுறை வெட்டி வெட்டித் திரும்ப ஓட, ஓகே பட்டன் எங்கே என்று மாமனார் ரிமோட்டைத் தடவிக்கொண்டிருந்த காட்சியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். படம் முடிந்ததும் மெனுவுக்குத் திரும்பச் சொல்லவும் மறந்துவிடாதீர்கள். சொல்லாவிட்டால் கறுப்புத் திரையில் நின்றுவிடும், டிவி கெட்டுப்போச்சு என்று உங்களுக்குப் போன் வரும்.

சேலத்திலிருந்து: டிஸ்க் உறையில் 4.7 ஜிபி என்கிறார்கள். கணினி 4.38 என்கிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. உறையில் ஆயிரத்தால் பெருக்கிய கணக்கு, கணினியில் 1,024-ஆல் பெருக்கிய கணக்கு. இரண்டும் ஒரே 470 கோடி பைட்தான். உங்கள் ஃபோல்டர் 4.3 என்று காட்டினால் எழுதலாம், 4.5 என்று காட்டினால் எழுத முடியாது. அவ்வளவுதான்.

நாகர்கோவில் வாசகர் ஒருவர்: எழுதிய டிஸ்க் கணினியில் ஓடுகிறது, பிளேயரில் 'நோ டிஸ்க்' என்று வருகிறது. மூன்று டிஸ்க் வீணாகிவிட்டது.

எம்பி4 கோப்பை அப்படியே டிஸ்க்கில் இழுத்துப் போட்டு எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அது டேட்டா டிஸ்க், வீடியோ டிவிடி அல்ல. டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்று ஒரு ஃபோல்டரும், அதற்குள் ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி என்று முடியும் கோப்புகளும் இருக்க வேண்டும். கூடவே ஆடியோ_டிஎஸ் என்று ஒரு காலி ஃபோல்டர் இருந்தால் பதறாதீர்கள், அது காலியாகத்தான் இருக்கும்.

ஃபோல்டரெல்லாம் சரி என்றால் அடுத்த சந்தேகம், டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்தீர்களா என்பது. பின்னால் இன்னும் சேர்க்கலாம் என்று திறந்து விட்ட டிஸ்க்கைப் பல பிளேயர்கள் தொடாது. மூன்றாவது, டிஸ்க்கின் வகை. பழைய பிளேயருக்கு டிவிடி பிளஸ் ஆரைவிட டிவிடி மைனஸ் ஆர் ஒத்துப்போகும். திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புவதால் சில பிளேயருக்குக் கண்ணே தெரியாது. நாலாவது வேகம். 16 மடங்கு என்று உறையில் போட்டிருந்தால் 16-ல்தான் எழுத வேண்டும் என்று சட்டமில்லை. 4-லோ 8-லோ எழுதுங்கள், கூடப் போகிற பத்து நிமிடத்தில் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

இனிமேல் டிஸ்க்கை வீணாக்காமல் இருக்க ஒரு வழி. நேராக டிஸ்க்கில் எழுதச் சொல்லாமல், ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டராகவோ, முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக்கும் ஐஎஸ்ஓ கோப்பாகவோ எழுதச் சொல்லுங்கள். அதை விஎல்சி பிளேயர் மென்பொருளில் திறந்து ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் டிஸ்க்கைப் பெட்டிக்குள் வையுங்கள்.

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகர்: யாழ்ப்பாணத்தில் நடந்த தங்கச்சி கல்யாண டிவிடி இங்கே பிளேயரில் ஓடவில்லை. அதே டிஸ்க் லண்டனில் அண்ணா வீட்டில் ஓடுது என்கிறார். ரீஜன் கோடு பிரச்சினையா?

ரீஜன் கோடு, அதாவது இன்ன பகுதி நாடுகளில்தான் ஓடும் என்கிற பூட்டு, கடையில் விற்கும் சினிமா டிஸ்க்குக்குத்தான். வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எழுதும் டிஸ்க்கில் பூட்டு இருக்காது. உங்கள் பிரச்சினை பால். குடிக்கிற பால் இல்லை, டிவி முறை. இலங்கை, இந்தியா, இங்கிலாந்து எல்லாம் பால் வழி வந்தவை, நொடிக்கு 25 படம், 576 கோடு. கனடாவும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி, நொடிக்கு 29.97 படம், 480 கோடு. நம் பக்கத்துப் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும், உங்கள் பக்கத்துப் பிளேயர்கள் பலவற்றுக்கு என்டிஎஸ்சி மட்டும்தான் தெரியும். கணினிக்கு இந்தப் பேதம் கிடையாது, அதில் போட்டுப் பாருங்கள், ஓடும். டிவியில்தான் பார்க்க வேண்டும் என்றால் பாலை என்டிஎஸ்சியாக மாற்றி மறுபடி எழுதலாம், ஆனால் 25-ஐ 30 ஆக்கும்போது நடப்பவர்கள் லேசாகக் குலுங்குவார்கள். இரண்டையும் ஓட்டும் பிளேயர் ஒன்று வாங்குவது நல்லது.

இதைப் படிக்கிற உள்ளூர்க்காரர்களுக்கு: கனடாவில் உறவுக்காரர் இருந்து, நீங்கள் மொபைலில் 30 படத்தில் எடுத்த வீடியோவை டிவிடி ஆக்குவதாக இருந்தால், ஆரம்பத்திலேயே என்டிஎஸ்சி என்று தேர்ந்துகொள்ளுங்கள். இங்கேயும் ஓடும், அங்கேயும் ஓடும், குலுங்கலும் இல்லை.

மதுரையிலிருந்து: தவில்காரர் கையை வேகமாக ஆட்டும்போது ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரிகிறது. கேசட்டில் அப்படி இல்லையே?

கணினித் திரையில் மட்டும் தெரிகிறதா, டிவியிலுமா? கணினியில் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள், அது இயல்பு. கேசட் படம் ஒற்றைப்படைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைப்படைக் கோடுகள் ஒருமுறை என்று மாறி மாறி வருவது, ஒவ்வொரு பாதியையும் ஃபீல்டு என்பார்கள். டிவி அதைச் சரியாகக் கோத்துக்கொள்ளும். சீப்பை நீக்குகிறேன் என்று டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது இரண்டு ஃபீல்டையும் ஒன்றாக்கி, பாதி விவரத்தை இழக்காதீர்கள். டிவியிலேயே கை முன்னும் பின்னும் உதறுவது போலத் தெரிந்தால் ஃபீல்டு வரிசை தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். டிவி (DV) கேமரா வழியாக, அதாவது அந்தச் சின்ன டிஜிட்டல் கேசட் கேமரா வழியாக ஏற்றியிருந்தால் கீழ் ஃபீல்டு முதலில், யுஎஸ்பி கேப்சர் கருவி என்றால் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். இரண்டு நிமிடத் துண்டை இரண்டு விதமாகவும் எழுதி டிவியில் பாருங்கள், எது சரி என்று தவில்காரரே சொல்லிவிடுவார்.

திருநெல்வேலியிலிருந்து: படம் ஒன்றுதான், ஆனால் விஓபி கோப்பு நாலாக உடைந்திருக்கிறது. ஒன்றாக்க வேண்டுமா? பியூபி கோப்புகளை நீக்கலாமா?

எதையும் தொடாதீர்கள். ஒரு கோப்பு ஒரு ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது டிவிடி விதி, பிளேயர் நாலையும் சேர்த்தே ஓட்டும். பியூபி என்பது ஐஎஃப்ஓ கோப்பின் நகல். டிஸ்க்கில் கீறல் விழுந்து ஐஎஃப்ஓ போனால் அதுதான் கைகொடுக்கும்.

வேலூரிலிருந்து: 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லையே?

வாங்கலாம். ஆனால் விலையைப் பாருங்கள், எழுதும்போது பாதியில் நின்றால் போகும் காசையும் பாருங்கள். ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு லேசர் தாவும் இடத்தில் படம் ஒரு கணம் நிற்கும், அந்த இடம் காட்சி மாறும் இடமாகப் பார்த்து நாம்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேசுகிறவர் வாய் திறந்தபடி நிற்பார். பழைய பிளேயர்களில் சிலவற்றுக்கு வீட்டில் எழுதிய இரட்டை அடுக்கு ஆகவே ஆகாது. நான் இரண்டு ஒற்றை அடுக்கு டிஸ்க் கட்சி.

கோவை வாசகி: ஒலிக்கு பிசிஎம் போட்டால் தரம் நன்றாக இருக்கும் என்கிறார்களே?

கச்சேரி என்றால் யோசிக்கலாம். பிசிஎம் என்பது சுருக்காத ஒலி, இரண்டு மணி நேரப் படத்தில் அது மட்டுமே கிட்டத்தட்ட 1.4 ஜிபி தின்னும், டிஸ்க்கில் கால் பங்குக்கு மேல். அதையே சுருக்கி 192 கிலோபிட் ஏசி-3 ஆக எழுதினால் 170 எம்பி சொச்சம். மண்டபத்து ஸ்பீக்கர் இரைச்சலைப் பதிவு செய்த கேசட்டுக்கு ஏசி-3 தாராளம்.

விழுப்புரத்திலிருந்து: இதற்கெல்லாம் இப்போது என்ன மென்பொருள் கிடைக்கும்? பழைய விண்டோஸில் இருந்த டிவிடி மேக்கர் காணவில்லை.

அது விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் மட்டும்தான் கூடவே வந்தது, விண்டோஸ் 8-லிருந்து எடுத்துவிட்டார்கள். ஆப்பிளின் ஐடிவிடியும் போயாயிற்று, அடோபி என்கோரும் சிஎஸ்6-ஓடு நின்றுவிட்டது. இன்றைக்கு இலவசமாகக் கிடைப்பதில் டிவிடிஸ்டைலர் போதும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், மெனுவும் போடலாம், ஃபோல்டராகவும் எழுதலாம். அதன் கூடவே வரும் மெனு வார்ப்புகள் வெள்ளைக்காரக் குழந்தையின் பிறந்தநாளுக்குத்தான் பொருந்தும், பின்னணிக்குக் கல்யாணப் பத்திரிகையையே ஸ்கேன் செய்து போட்டுவிடுங்கள், நன்றாக இருக்கும். டிஸ்க்கில் எழுத இம்க்பர்ன். 2013-க்குப் பிறகு புதுப் பதிப்பு வரவில்லை, ஆனாலும் வேலை செய்கிறது. எதை இறக்கினாலும் நிறுவும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வரும் ஓசிச் சரக்குகளின் டிக்கை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: டிவிடி ஆக்கிவிட்டேன். இனி கேசட்டையும், கணினியில் இருக்கும் 38 ஜிபி கோப்பையும் அழித்துவிடலாமா? இடத்தை அடைக்கிறது.

அழிக்காதீர்கள் ஐயா. 38 ஜிபி என்றால் டிவி (DV) என்கிற அந்த டிஜிட்டல் கேசட் முறையில் ஏற்றியிருக்கிறீர்கள், மணிக்கு 13 ஜிபி வீதம் மூன்று மணி நேரம், கணக்கு சரியாக வருகிறது. அதுதான் உங்கள் கையில் இருப்பதிலேயே நல்ல பிரதி. டிவிடி அதைப் பிழிந்து எடுத்த சாறு, நாளைக்கு வேறு எதற்காவது மாற்ற வேண்டி வந்தால் சாற்றை மறுபடி பிழிய முடியாது. ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள், முடிந்தால் தம்பி வீட்டில் இன்னொரு நகல். டிஸ்க்கின் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டாம், காகித லேபிளும் ஒட்ட வேண்டாம், ஓரம் தூக்கினால் சுழலும்போது தடதடக்கும். டிஸ்க்குக்கென்றே விற்கும் மார்க்கர் பேனா போதும். வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள், எழுதும் டிஸ்க்கில் இருப்பது சாயம், வெயிலில் வெளுக்கும். கேசட்டைச் செங்குத்தாக நிறுத்தி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். அதில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் பிளேயரில் போட்டு ஓட்டிப் பார்த்துவிடாதீர்கள், ஹெட்டும் போகும், அதற்கப்புறம் போடுகிற நல்ல கேசட்டுக்கும் அது ஒட்டிக்கொள்ளும்.